உங்கள் நெட்வொர்க்கில் எத்தனை மெயில் சர்வர்கள்?

பத்து கம்ப்யூட்டர்கள் உள்ள ஒரு சிறிய அலுவலகத்திற்குச் சென்று, "உங்களிடம் மெயில் சர்வர் இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். "இல்லையே, எங்கள் மெயில் எல்லாம் ஜிமெயிலில்தான்" என்று பதில் வரும். அதே அலுவலகத்தின் நெட்வொர்க்கை ஸ்கேன் செய்தால், இரண்டு மூன்று இடங்களில் மெயில் சர்வர் ஓடிக் கொண்டிருப்பது தெரிய வரலாம். வெப்சைட் வடிவமைக்கப் பழகியவர் ஒருவர் ஸாம்ப் தொகுப்பை இன்ஸ்டால் செய்திருப்பார். அதில் வரும் மெர்குரி என்ற மெயில் சர்வரையும் ஒரு நாள் ஸ்டார்ட் செய்துவிட்டு மறந்திருப்பார். மூலையில் இருக்கும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி புரொபஷனல் கம்ப்யூட்டரில், ஐ.ஐ.எஸ். உடன் வரும் எஸ்.எம்.டி.பி. சர்வீஸ் இயங்கிக் கொண்டிருக்கும். ஸ்கேன், பிரிண்ட், ஃபேக்ஸ் மூன்றையும் செய்யும் சில மெஷின்கள்கூட, இன்டர்நெட் ஃபேக்ஸ் பெறுவதற்காக மெயில் சர்வரைப் போலக் காத்திருக்கும்.

இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று விட முடியாது. யாருக்கும் நினைவில் இல்லாத சர்வருக்கு யாரும் அப்டேட் போடுவதில்லை. 2019 ஜூனில், எக்ஸிம் என்ற மெயில் சர்வரின் 4.87 முதல் 4.91 வரையிலான வெர்ஷன்களில், வெளியிலிருந்தே கட்டளைகளை இயக்கும் அளவுக்கு ஓட்டை இருப்பது வெளியானது. 2021 மார்ச் 2 அன்று, மைக்ரோசாப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் சர்வருக்கு அவசரமாக பேட்ச் பைல்களை வெளியிட்டது. அந்த ஓட்டைகள் வழியாக அதற்கு முன்பே பலர் உள்ளே நுழைந்திருந்தார்கள். இப்படி ஒரு செய்தி வரும்போது முதலில் எழும் கேள்வி, "நம்மிடம் அது இருக்கிறதா? எந்த வெர்ஷன்? எந்தக் கம்ப்யூட்டரில்?" என்பதுதான். இதற்குப் பதில் சொல்லும் பட்டியலைத்தான் நெட்வொர்க் இன்வென்டரி என்கிறோம்.

அந்தப் பட்டியலை நாமே தயாரிப்பது எப்படி, தயாரிக்கும்போது வரும் பிரச்னைகளை எப்படித் தீர்ப்பது என்று இங்கு பார்ப்போம். இதற்கெனப் பெரிய நிறுவனங்கள் பணம் கொடுத்து வாங்கும் புரோகிராம்கள் உண்டு. பத்து இருபது கம்ப்யூட்டர்களுக்கு அவை தேவையே இல்லை. இலவசமாகக் கிடைக்கும் என்மேப் புரோகிராமும் ஓர் எக்ஸெல் பைலும் போதும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். உங்களுக்குச் சொந்தமான நெட்வொர்க்கை, அல்லது உரிமையாளர் அனுமதி கொடுத்த நெட்வொர்க்கை மட்டுமே ஸ்கேன் செய்திடவும். அனுமதியின்றி அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43 மற்றும் 66 பிரிவுகளின் கீழ் வரும். அலுவலகத்தில் செய்வதானால் முதலாளியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக் கொள்ளுங்கள்.

ஏழு கதவுகள்

மெயில் சர்வர் எந்தக் கம்ப்யூட்டரில் இருந்தாலும் அது சில குறிப்பிட்ட போர்ட்களில்தான் காத்திருக்கும். ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு மெயில் செல்லும் வழி 25. நாம் அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற புரோகிராம்களிலிருந்து மெயில் அனுப்பும் வழிகள் 587 மற்றும் 465. வந்த மெயிலைப் பெறுவதற்கு, பாப் முறையில் 110, ஐமேப் முறையில் 143. இவற்றின் என்கிரிப்ட் செய்யப்பட்ட வடிவங்கள் முறையே 995 மற்றும் 993. இந்த ஏழு எண்களையும் ஒரு தாளில் எழுதி மானிட்டர் அருகில் ஒட்டிக் கொள்ளுங்கள்.

இந்தக் கதவுகளில் 25-க்கு ஒரு தனிக் குணம் உண்டு. அங்கே நடப்பது சாதாரண எழுத்துகளில் ஓர் உரையாடல். ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் எழுதி வெளியிட்ட எஸ்.எம்.டி.பி. விதிகளின்படி, நாம் கதவைத் தட்டியதும் சர்வர்தான் முதலில் பேச வேண்டும். 220 என்ற எண்ணும், தன் பெயரும் அதன் வணக்கத்தில் இருக்கும். பிறகு நாம் ஹலோ சொல்ல வேண்டும். கட்டளைகள் எல்லாம் நான்கு எழுத்தில் இருக்க வேண்டும் என்பதால் ஆங்கில ஹலோவில் ஓர் எல் எழுத்தைக் குறைத்துவிட்டார்கள்! பின்னர் விதிகள் விரிவுபடுத்தப்பட்டபோது இ, எச், எல், ஓ என்று மாறியது. ஸ்கேன் செய்யும் புரோகிராம் எதுவானாலும் இந்த வணக்கத்தைக் கேட்டுத்தான், "இது இன்ன சர்வர்" என்று முடிவு செய்கிறது. அந்த வணக்கம் எப்படியெல்லாம் நம்மை ஏமாற்றும் என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

எது இருக்க வேண்டும்?

ஸ்கேன் செய்வதற்கு முன், எது இருக்க வேண்டும் என்று தெரிந்து கொள்வது நல்லது. உங்கள் அலுவலகத்திற்குச் சொந்த டொமைன் பெயர் இருந்தால், அதற்கு வரும் மெயில்கள் எந்த சர்வருக்குச் செல்கின்றன என்பது டி.என்.எஸ். பதிவில் இருக்கும். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, என்எஸ்லுக்கப் என்று ஆங்கிலத்தில் சேர்த்து டைப் செய்து என்டர் தட்டவும். அடுத்த வரியில் செட் என்றும், இடைவெளி விட்டு டைப் என்றும், அதை ஒட்டிச் சமக்குறியும் எம்எக்ஸ் என்ற இரண்டு எழுத்துகளும் கொடுத்து என்டர் தட்டவும். பிறகு உங்கள் டொமைன் பெயரைக் கொடுங்கள். கூகுள் அல்லது அவுட்லுக் என்ற பெயர் கொண்ட சர்வர்கள் பதிலாக வந்தால், உங்கள் மெயில் வெளியில் இருக்கிறது என்று பொருள். அப்படியானால் அலுவலகத்திற்குள் 25-ஆம் போர்ட் திறந்திருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் காரணம் சொல்லியாக வேண்டும்.

ஸ்கேன் செய்யலாம்

என்மேப், கார்டன் லியான் என்பவர் 1997 செப்டம்பரில் வெளியிட்ட புரோகிராம். இன்றும் தொடர்ந்து மேம்படுத்தப்பட்டு வருகிறது. என்மேப் டாட் ஆர்க் என்ற தளத்திலிருந்து விண்டோஸுக்கான பைலை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும். வழியில் என்பிகேப் என்ற டிரைவரையும் இன்ஸ்டால் செய்யக் கேட்கும்; சம்மதியுங்கள். கூடவே ஜென்மேப் என்ற விண்டோவும் கிடைக்கும். கட்டளைகளை மனப்பாடம் செய்ய விரும்பாதவர்களுக்கு இது மிகவும் வசதி.

ஜென்மேப் திறந்ததும் மேலே டார்கெட் என்ற கட்டம் தெரியும். அதில் உங்கள் நெட்வொர்க்கின் முகவரியைத் தர வேண்டும். உங்கள் கம்ப்யூட்டரின் ஐபி முகவரி 192.168.1.15 என்றும், சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றும் இருந்தால், 192.168.1.0/24 என்று கொடுங்கள். இது 256 முகவரிகளையும் குறிக்கும். அடுத்து புரொபைல் என்ற கட்டத்தில் குயிக் ஸ்கேன் ப்ளஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். இது அதிகம் பயன்படும் நூறு போர்ட்களை மட்டும் பார்க்கும். நம் ஏழு எண்களும் அந்த நூறில் அடங்கும். திறந்திருக்கும் போர்ட்டில் என்ன சாப்ட்வேர் இருக்கிறது என்பதையும் இது கண்டுபிடித்துச் சொல்லும். ஸ்கேன் பட்டனைக் கிளிக் செய்துவிட்டு ஒரு காபி சாப்பிட்டு வாருங்கள்.

ஸ்கேன் முடிந்ததும் இடது பக்கம் சர்வீசஸ் என்ற பட்டனைக் கிளிக் செய்தால், கிடைத்த சர்வீஸ்களின் பெயர்கள் வரும். அதில் எஸ்.எம்.டி.பி.யைக் கிளிக் செய்தால், 25-ஆம் போர்ட் சம்பந்தப்பட்ட கம்ப்யூட்டர்கள் எல்லாம் வலது பக்கம் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றின் எதிரிலும் அதன் நிலை இருக்கும். ஓப்பன் என்றால் அங்கே ஏதோ ஒரு புரோகிராம் காத்திருக்கிறது. க்ளோஸ்டு என்றால் கம்ப்யூட்டர் இருக்கிறது, அந்த போர்ட்டில் யாரும் இல்லை. பில்டர்டு என்றால் இடையில் பயர்வால் இருக்கிறது. உள்ளே சர்வர் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது. பலரும் பில்டர்டு என்பதை "இல்லை" என்று எடுத்துக் கொள்கிறார்கள். அது தவறு.

எல்லாக் கம்ப்யூட்டரும் மெயில் சர்வரா?

சிலருக்கு வரும் விநோதமான பிரச்னை இது. ஏதாவது ஓர் இன்வென்டரி புரோகிராமைக் கொண்டு ஸ்கேன் செய்வார்கள். நெட்வொர்க்கில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களிலும், பிரிண்டரிலும், ரௌட்டரிலும், ஏன், சுவரில் மாட்டிய கேமராவிலும்கூட 25, 110, 143 மூன்றும் திறந்திருப்பதாகக் காட்டும். உடனே வைரஸ் புகுந்துவிட்டதோ என்று பயந்து போவார்கள்.

பெரும்பாலும் காரணம், ஸ்கேன் செய்யும் கம்ப்யூட்டரில் உள்ள ஆன்டிவைரஸ்தான். சில ஆன்டிவைரஸ் புரோகிராம்களில், வரும் போகும் மெயில்களைச் சோதிக்கும் மெயில் ஷீல்ட் என்ற பகுதி உண்டு. உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து எந்த முகவரியின் 25-க்கோ 110-க்கோ இணைப்பு சென்றாலும், அதை இது வழிமறித்துத் தானே "வாருங்கள்" என்று கதவைத் திறந்துவிடும். ஸ்கேன் செய்யும் புரோகிராமுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எதிரில் உள்ள கம்ப்யூட்டர்தான் திறந்தது என்று எழுதிக் கொள்ளும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. இல்லாத கம்ப்யூட்டரின் கதவைத் தட்டிப் பாருங்கள்! நெட்வொர்க்கில் யாருக்கும் கொடுக்கப்படாத முகவரி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 192.168.1.250 என்று வைத்துக் கொள்வோம். இனி டெல்நெட் வேண்டும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இது தானாக இன்ஸ்டால் ஆவதில்லை. கண்ட்ரோல் பேனலில் புரோகிராம்ஸ் பிரிவுக்குச் சென்று, விண்டோஸ் வசதிகளை ஆன் அல்லது ஆப் செய்யும் லிங்க்கைக் கிளிக் செய்து, டெல்நெட் கிளையன்ட் எதிரில் டிக் அடித்து ஓகே கொடுக்கவும். பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டில் டெல்நெட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு அந்த முகவரி, மீண்டும் இடைவெளி விட்டு 25 என்று கொடுத்து என்டர் தட்டவும். ஆளே இல்லாத வீட்டில் கதவு திறக்கிறதா? அப்படியானால் திறந்தது உங்கள் ஆன்டிவைரஸ்தான். மெயில் ஷீல்டை மட்டும் பத்து நிமிடத்திற்கு நிறுத்திவிட்டு மீண்டும் ஸ்கேன் செய்திடவும். முடிந்ததும் மறக்காமல் ஆன் செய்து விடுங்கள்.

என்மேப்பில் இந்தக் குழப்பம் பொதுவாகக் குறைவு. அது என்பிகேப் டிரைவர் மூலம் தானே பாக்கெட்களைத் தயாரித்து அனுப்புவதால், ஆன்டிவைரஸின் வழிமறிப்பில் சிக்குவதில்லை. ஆகவே ஒரு இன்வென்டரி புரோகிராம் "ஓப்பன்" என்றும் என்மேப் "க்ளோஸ்டு" என்றும் சொன்னால், முதலில் மேலே சொன்ன டெஸ்ட்டைச் செய்து பாருங்கள்.

இருக்க வேண்டியது இல்லையே!

இதற்கு நேர்மாறான பிரச்னையும் உண்டு. ஒரு கம்ப்யூட்டரில் மெயில் சர்வர் ஓடுவது உங்களுக்கே தெரியும். ஸ்கேனில் மட்டும் வரவில்லை. முதலில் அந்தக் கம்ப்யூட்டர் அதே நெட்வொர்க்கில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அலுவலகத்தில் இரண்டாவதாக ஒரு வைஃபை ரௌட்டரை மாட்டியிருந்தால், அதன் பின்னால் உள்ளவை 192.168.0 என்று வேறு வரிசையில் இருக்கலாம். விருந்தினர் வைஃபையில் இணைந்தவை ஒன்றையொன்று பார்க்கவே முடியாதபடி ரௌட்டர் தடுத்து வைத்திருக்கும்.

ஒரே நெட்வொர்க் என்றால், கம்ப்யூட்டர் பிங்குக்குப் பதில் சொல்லாவிட்டாலும் என்மேப் அதைக் கண்டுபிடித்துவிடும், ஏ.ஆர்.பி. கேள்விக்குப் பதில் சொல்லாமல் எந்தக் கம்ப்யூட்டரும் லேனில் இயங்க முடியாது. ரௌட்டரைத் தாண்டி வேறு வரிசையில் இருந்தால் இந்த வசதி கிடையாது. பிங் பதில் வராவிட்டால் "கம்ப்யூட்டரே இல்லை" என்று என்மேப் தாண்டிச் சென்றுவிடும். அப்போது புரொபைல் கட்டத்தில், பிங் வேண்டாம் என்று பொருள்படும் நோ பிங் என முடியும் இன்டென்ஸ் ஸ்கேனைத் தேர்ந்தெடுக்கவும். நேரம் அதிகம் பிடிக்கும். எனவே 256 முகவரிக்கும் கொடுக்காமல் சந்தேகப்படும் முகவரிக்கு மட்டும் கொடுங்கள்.

வீட்டிலிருந்து வெளியில் உள்ள உங்கள் சர்வரை ஸ்கேன் செய்யும்போது 25 மட்டும் பில்டர்டு என்று வருகிறதா? சர்வரைக் குறை சொல்லாதீர்கள். ஸ்பேமைத் தடுப்பதற்காக வீட்டு இணைப்புகளில் வெளியே செல்லும் 25-ஐ அடைத்து வைக்கும் இன்டர்நெட் நிறுவனங்கள் உண்டு. 587 திறந்திருக்கிறதா என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

கேள்விக்குறியும் நட்சத்திரங்களும்

ஸ்கேன் முடிவில் எஸ்.எம்.டி.பி. என்ற பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி இருந்தால் அதைச் சாதாரணமாக விட வேண்டாம். "25-ஆம் எண் என்பதால் எஸ்.எம்.டி.பி. என்று நினைக்கிறேன், என்னிடம் யாரும் பேசவில்லை" என்று என்மேப் சொல்கிறது. சில சர்வர்கள் வேண்டுமென்றே தாமதமாக வணக்கம் சொல்லும். ஸ்பேம் அனுப்பும் புரோகிராம்களுக்குப் பொறுமை கிடையாது, சர்வர் பேசும் முன்பே பேசத் தொடங்கிவிடும் என்பதுதான் இதற்குக் காரணம். போஸ்ட்பிக்ஸ் சர்வரில் போஸ்ட்ஸ்க்ரீன் என்ற பகுதியை இயக்கியிருந்தால், வழக்கமாக ஆறு வினாடிகள் காத்திருக்கும். ஸ்கேன் செய்யும் புரோகிராம் இரண்டு மூன்று வினாடியில் கிளம்பிவிட்டால் பட்டியலில் அந்த சர்வருக்குப் பெயர் இருக்காது. இன்வென்டரி புரோகிராமின் செட்டிங்ஸில் டைம் அவுட் என்ற இடத்தில் இதைப் பதினைந்து, இருபது வினாடியாக உயர்த்துங்கள்.

டிசிபி ராப்டு என்று வந்தால், கதவு திறந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் உடனே மூடப்பட்டது என்று அர்த்தம். குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் அனுமதிக்கும் சர்வர்கள் இப்படிச் செய்யும். 220-க்குப் பின்னால் வரிசையாக நட்சத்திரக் குறிகள் மட்டும் வந்தால், இடையில் சிஸ்கோ பயர்வால் ஒன்று சர்வரின் பெயரை மறைக்கிறது என்று ஊகிக்கலாம்.

இதற்கெல்லாம் ஒரே வைத்தியம், நீங்களே நேரில் பேசிப் பார்ப்பதுதான். முன்பு சொன்னபடி டெல்நெட் மூலம் 25-இல் இணையுங்கள். அரை நிமிடம் வரை பொறுமையாக இருங்கள். 220 வந்ததும், இ, எச், எல், ஓ என்ற நான்கு எழுத்துகளையும் இடைவெளி விட்டு டெஸ்ட் என்பதையும் ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். 250 என்று தொடங்கும் வரிகளில் அந்த சர்வருக்குத் தெரிந்த வித்தைகள் எல்லாம் வரும். ஸ்டார்ட் டிஎல்எஸ் என்ற வரி இருந்தால் என்கிரிப்ட் செய்யத் தெரியும் என்று பொருள். குவிட் என்று கொடுத்து வெளியே வாருங்கள். 465, 993, 995 மூன்றிலும் டெல்நெட் வெறும் கறுப்புத் திரையைத்தான் காட்டும். அவை தொடக்கத்திலிருந்தே என்கிரிப்ட் செய்த மொழியில் பேசுபவை, கோளாறு அல்ல.

வெர்ஷன் எண்ணை நம்பலாமா?

பட்டியலில் வெர்ஷன் என்று ஒரு கட்டம் போடுவோம். அதை நிரப்பும்போது எச்சரிக்கை தேவை. எக்ஸிம் தன் வணக்கத்திலேயே வெர்ஷன் எண்ணைச் சொல்லிவிடும். போஸ்ட்பிக்ஸ் தன் பெயரை மட்டும் சொல்லும், எண்ணைச் சொல்லாது. சொன்ன எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. டெபியன் 9 லினக்ஸில் இருந்தது எக்ஸிம் 4.89. இது 2019-இல் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்ட வரிசையில் வருகிறது. டெபியன் குழுவினர் அந்த ஓட்டையை அடைத்தபோது, வெர்ஷனை மாற்றாமல் 4.89-க்குள்ளேயே திருத்தம் செய்தார்கள். ஆகவே பேட்ச் போட்ட சர்வரும் 4.89 என்றுதான் சொல்லும், போடாத சர்வரும் 4.89 என்றுதான் சொல்லும். வெளியிலிருந்து ஸ்கேன் செய்து இதைத் தெரிந்து கொள்ள முடியாது. அந்தக் கம்ப்யூட்டரில் லாக் இன் செய்து பேக்கேஜின் முழு எண்ணைப் பார்க்க வேண்டும்.

எக்ஸ்சேஞ்ச் சர்வர் விஷயத்தில் ஒரு குறுக்கு வழி உண்டு. அதன் வழியாக வந்த மெயில் ஒன்றைத் திறந்து முழு ஹெடரையும் பாருங்கள். ரிசீவ்டு என்று தொடங்கும் வரிகளில் ஐடி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். 15.0 என்று தொடங்கினால் எக்ஸ்சேஞ்ச் 2013, 15.1 என்றால் 2016, 15.2 என்றால் 2019 அல்லது அதன் பின் வந்த சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன். 2016, 2019 இரண்டுக்குமே மைக்ரோசாப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. 15.0, 15.1 என்று கண்டால் அன்றே முதலாளியிடம் பேசுங்கள்.

பின்னால் இருப்பது யார்?

192.168.1.23-இல் 25 திறந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எந்தப் புரோகிராம்? அந்தக் கம்ப்யூட்டர் முன் அமர்ந்து, கமாண்ட் பிராம்ப்ட்டில் ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கவும். நெட்ஸ்டாட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு ஒரு ஹைபனும் அதை ஒட்டி ஏ, பி, என் என்ற மூன்று சிறிய எழுத்துகளும் கொடுத்து என்டர் தட்டவும். நீளமான பட்டியல் ஓடும். அதில் 0.0.0.0:25 என்ற வரியைத் தேடுங்கள். அதன் கீழே அடைப்புக்குறிக்குள் புரோகிராமின் பெயர் இருக்கும். மெர்குரி என்றிருந்தால் அது ஸாம்ப் தொகுப்பிலிருந்து வந்தது. 127.0.0.1:25 என்றிருந்தால் அந்த சர்வர் அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டுமே பேசும். வெளியிலிருந்து செய்யும் ஸ்கேனில் இது வராது, அவ்வளவாகக் கவலைப்படவும் வேண்டாம்.

கம்ப்யூட்டர்கள் அதிகம் இருந்தால், பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே சென்று விவரம் சேகரிக்கும் இன்வென்டரி புரோகிராம்களைப் பயன்படுத்துவார்கள். விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இவை டபிள்யூ.எம்.ஐ. வழியாகக் கேட்கும். ஆர்பிசி சர்வர் கிடைக்கவில்லை என்ற பொருளில் எரர் வந்தால், பயர்வால் தடுக்கிறது அல்லது கம்ப்யூட்டர் ஆப் செய்யப்பட்டிருக்கிறது. டபிள்யூ.எம்.ஐ.க்கு 135-ஆம் போர்ட் மட்டும் போதாது. அதன் பிறகு 49152-க்கு மேல் ஏதாவது ஒரு போர்ட்டுக்குப் பேச்சு மாறும். ஆகவே பயர்வாலில் 135-ஐ மட்டும் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தால் பயனில்லை. விண்டோஸ் பயர்வாலில் டபிள்யூ.எம்.ஐ. என்ற பெயரிலேயே உள்ள அனுமதியை ஆன் செய்திடவும்.

அக்சஸ் டினைட் என்று வந்தால் பாஸ்வேர்டை மட்டும் சந்தேகிக்காதீர்கள். டொமைன் இல்லாத வொர்க்குரூப் நெட்வொர்க்கில், ஒரு கம்ப்யூட்டரின் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குகூட நெட்வொர்க் வழியாக வரும்போது சாதாரண யூசராகவே நடத்தப்படும். ரிஜிஸ்ட்ரியில் மாற்றம் செய்து இதைத் தளர்த்த முடியும். ஆனால் அதைச் செய்தால் பாதுகாப்பில் நீங்களே ஓட்டை போட்டது போலாகும். பத்து கம்ப்யூட்டர்களுக்கு நாற்காலி நாற்காலியாகச் சென்று நெட்ஸ்டாட் கொடுப்பதே மேல். நேற்று வரை நன்றாக ஓடிய பழைய இன்வென்டரி புரோகிராம் அப்டேட்டிற்குப் பின் திடீரென நின்றுவிட்டதா? 2023 மார்ச் அப்டேட்டிலிருந்து மைக்ரோசாப்ட் டிகாம் இணைப்புகளுக்கான கட்டுப்பாட்டை யாரும் நீக்க முடியாதபடி இறுக்கிவிட்டது. எதிர்க் கம்ப்யூட்டரின் ஈவன்ட் வியூவரில், சிஸ்டம் பகுதியில் 10036 என்ற எண் பதிவாகியிருந்தால் காரணம் இதுதான். ஸ்கேன் புரோகிராமின் புதிய வெர்ஷனைப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இத்தகைய புரோகிராம்களுக்கு டொமைன் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டைக் கொடுப்பதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்ய மாட்டேன். கண்ட கம்ப்யூட்டர்களில் எல்லாம் அந்தக் கணக்கைக் கொண்டு லாக் இன் செய்து பார்க்கும் புரோகிராம் அது. இதற்கென்று குறைந்த அதிகாரத்துடன் ஒரு தனிக் கணக்கு வைத்துக் கொள்ளுங்கள்.

யார் வேண்டுமானாலும் மெயில் அனுப்பலாமா?

கண்டுபிடித்த ஒவ்வொரு சர்வருக்கும் கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி இது. சம்பந்தமே இல்லாத ஒருவர், சம்பந்தமே இல்லாத இன்னொருவருக்கு உங்கள் சர்வர் வழியாக மெயில் அனுப்ப முடிந்தால் அதை ஓப்பன் ரிலே என்பார்கள். ஸ்பேம் அனுப்புபவர்கள் இதைத்தான் தேடி அலைகிறார்கள். அவர்கள் கையில் சிக்கினால் உங்கள் இணைப்பின் ஐபி முகவரி ஸ்பாம்ஹாஸ் போன்ற தடைப் பட்டியல்களில் ஏறிவிடும். உங்கள் பில்லிங் சாப்ட்வேர் அந்த இணைப்பிலிருந்து நேரடியாக அனுப்பும் இன்வாய்ஸ்கள் வாடிக்கையாளருக்குச் சேராமல் திரும்பி வரும். பட்டியலிலிருந்து பெயரை நீக்கச் சொல்லலாம், ஆனால் மூல காரணத்தைச் சரி செய்யாவிட்டால் மீண்டும் ஏறிவிடும்.

என்மேப்பில் இதைச் சோதிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கிறது. அலுவலகத்துக்குள்ளிருந்து சோதித்தால், ஒழுங்காக அமைக்கப்பட்ட சர்வரும் ஓப்பன் ரிலே என்று வரக்கூடும். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களைத் தன் வீட்டுக்காரர்களாக நினைத்து அனுமதிப்பது பல சர்வர்களின் வழக்கம். எனவே இந்த ஒரு டெஸ்ட்டை மட்டும் வெளியிலிருந்து, வேறொரு இணைப்பு வழியாகச் செய்ய வேண்டும். அதற்கு முன் உங்கள் ரௌட்டரின் செட்டிங்ஸில் போர்ட் பார்வர்டிங் பகுதியைத் திறந்து பாருங்கள். 25 எந்தக் கம்ப்யூட்டருக்காவது திருப்பி விடப்பட்டிருக்கிறதா? யு.பி.என்.பி. ஆன் செய்யப்பட்டிருக்கிறதா? அது ஆன் ஆகியிருந்தால் புரோகிராம்கள் தாமாகவே ரௌட்டரில் கதவைத் திறந்து கொள்ள முடியும்.

பட்டியல்

எக்ஸெல் பைலில் ஐபி முகவரி, மேக் முகவரி, கம்ப்யூட்டர் இருக்கும் இடம், திறந்திருக்கும் போர்ட், புரோகிராமின் பெயர், வெர்ஷன், எப்படி உறுதி செய்தோம், யார் பொறுப்பு என்று எட்டுக் கட்டங்கள் போதும். மேக் முகவரியை விட்டுவிடாதீர்கள். டி.எச்.சி.பி. இருக்கும் இடத்தில் இன்று 23-ஆக இருக்கும் கம்ப்யூட்டர் அடுத்த வாரம் 31-ஆக மாறிவிடலாம். "எப்படி உறுதி செய்தோம்" என்ற கட்டத்தில் ஸ்கேன் மட்டுமா, டெல்நெட்டா, நெட்ஸ்டாட்டா என்று எழுதுங்கள். வெறும் ஸ்கேன் என்று எழுதியவை எல்லாம் இன்னும் முடியாத வேலை. யார் பொறுப்பு என்ற கட்டம் காலியாக இருக்கும் சர்வரை நிறுத்திவிடலாமா என்று கேளுங்கள். உடனே அழித்துவிட வேண்டாம். சர்வீஸை நிறுத்தி, ஒரு வாரம் யாராவது சத்தம் போடுகிறார்களா என்று பாருங்கள். ஸ்கேனர் மெஷினிலிருந்து மெயில் போகவில்லை என்று கணக்குப் பிரிவிலிருந்து போன் வந்தால், அந்தப் பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டர் எதற்காக இருந்தது என்ற மர்மமும் விலகிவிடும்.

மெர்குரியாக இருந்தால் ஸாம்ப் கண்ட்ரோல் பேனலைத் திறந்து, மெர்குரி எதிரில் உள்ள ஸ்டாப் பட்டனைக் கிளிக் செய்திடவும். பிறகு ஜென்மேப்பில் அந்த ஒரு முகவரியை மட்டும் மீண்டும் ஸ்கேன் செய்யுங்கள். 25-ஆம் போர்ட் க்ளோஸ்டு என்றோ பில்டர்டு என்றோ வந்தால், நெட்ஸ்டாட் கொடுத்து உறுதி செய்து கொண்டு, ஸ்கேன் மெனுவில் சேவ் ஸ்கேன் கொடுத்து அன்றைய தேதியைப் பெயராக வைத்துச் சேமித்துக் கொள்ளுங்கள். அடுத்த மாதம் இதே போல ஸ்கேன் செய்த பின், டூல்ஸ் மெனுவில் கம்பேர் ரிசல்ட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து இரண்டு பைல்களையும் கொடுத்தால், இடையில் புதிதாகத் திறந்த கதவுகளை மட்டும் ஜென்மேப் தனி நிறத்தில் காட்டும்.